கண்ணாடிக்கடையில் ஒரு வில்லன்

உலகத்தையே இருட்டாக்கத் திட்டம் போடும் ஒரு வில்லன், கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லாதவன், அவளைப் பார்ப்பதற்காகவே வாராவாரம் பரிசோதனைக்கு வந்து உட்கார்கிறான். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பாட்டாகவே படிக்கிறான். சின்னவள் எழுதிய வெப் சீரிஸின் கதை இவ்வளவுதான். பத்து நிமிடம் வீதம் ஆறு பாகம்.

வீட்டில் இளையவள் என்பதால் அவளுக்குச் சின்னவள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நேரத்தில் அவள் அப்பாயின்ட்மென்ட் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பாட்டு எழுதுவாள். வில்லனாக நடித்தவர் ஒரு கூரியர்காரர். பல்செட் பார்சலோடு படியேறும்போதெல்லாம் பாடிக்கொண்டே வருவார். அந்தக் குரலுக்காகத்தான் பிடித்துப்போட்டாள். கதாநாயகி எதிர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கேமரா, நண்பன் ஒருவனின் செல்போன். வில்லனின் கருப்பு அங்கி, சின்னவள் வீட்டு ஜன்னல் திரை.

கடைதான் கிடைக்காமல் இழுத்தடித்தது. மூன்று பேர் கையை விரித்தார்கள். நான்காவது கண்ணாடிக்கடைக்காரர் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. லென்ஸ் அறுக்கற மெஷினை மட்டும் யாரும் தொடக்கூடாது" என்றார். நாற்பதை நெருங்கும் மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியும் வந்திருந்தார். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபிரேம்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். எழுத்து அட்டையின் விளக்கைப் போடுவது கடைக்காரர் பொறுப்பு.

கூரியர்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கில் கனமான சோதனைக் கண்ணாடி, தோளில் ஜன்னல் திரை. 'ட'வில் ஆரம்பித்து 'ப', 'ம' என்று இறங்கிப் பல்லவிக்கு வந்தார். சின்னவள் சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் இழுத்து, ஒப்பாரி மாதிரி பாடினார்:

"நீ நிமிர்ந்து பார்த்தாத்தான்
நான் வந்திருக்கேன்னு எனக்கே தெரியுது..."

கதாநாயகி நிமிராமல் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் விளக்கு எரியவில்லை. கடைக்காரர் ஸ்விட்சில் கை வைத்தபடியே நின்றுவிட்டார்.

"சார், லைட்டு" என்றாள் சின்னவள்.

"மறந்துட்டேன்மா."

இரண்டாவது தடவையும் மறந்தார். மூன்றாவது தடவை, ஸ்விட்சைக் கேமரா நண்பனிடம் காட்டிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார்.

"அந்த வரி நல்லா இருக்கே, யாரு எழுதினது?" என்று கேட்டார் மனைவி.

"நான்தான்" என்றாள் சின்னவள், வாய் கூசாமல்.

அது அவள் எழுதியதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால், அக்கா ஒரு நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையில் வேலை பார்த்தபோது, திரும்பி வந்த புத்தகம் ஒன்றுக்குள் ஒரு கடிதம் இருந்தது. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலில் ஏறி நின்று மூக்கால் படித்துக் காட்டினாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எழுதியவனுக்கு அக்கா வைத்த பெயர் 'நிமிர்ந்தவன்'. உண்மைப் பெயரைச் சின்னவள் கேட்டதும் இல்லை, அக்கா சொன்னதும் இல்லை.

மனைவி டீ சொல்ல வெளியே போனதும், கடைக்காரர் பின்னறை வாசலிலிருந்து சின்னவளைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா நல்லா இருக்காங்களா?"

தனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று அவரிடம் சின்னவள் சொன்னதே இல்லை. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முகஜாடை அன்னிக்கே லேசா உறுத்துச்சு. பாட்டைக் கேட்டதும் சரியாப்போச்சு" என்றார். "அந்த லெட்டரைப் படிச்சாங்களா, பாக்காமலே புத்தகத்தை அடுக்கிட்டாங்களான்னு ரொம்ப நாள் தெரியாம இருந்தேன். படிச்சிருக்காங்க."

"படிச்சாங்க."

"சிரிச்சீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிரிச்சோம் சார்."

"ம். இன்னிக்குப் படிச்சா நானே சிரிப்பேனோ என்னவோ." பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அந்தப் பாட்டையே எடுத்துடறேன்."

"எதுக்கு? இருக்கட்டும். பாக்கறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். ஆனா அந்தப் பையன் நிஜமாத்தானே சொல்றான்? அவனை மட்டும் ஒழுங்கா சொல்ல விடுங்க. அது போதும்."

சின்னவளால் அங்கே நிற்க முடியவில்லை. நேராகக் கூரியர்காரரிடம் போனாள். "மூக்கால பாட வேண்டாம். படியேறும்போது பாடுவீங்கல்ல, அப்படிப் பாடுங்க."

"அப்பாடா! அந்த மூக்கு வேலை எனக்கு முதல்லேருந்தே பிடிக்கல டைரக்டர் மேடம். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

இந்தத் தடவை விளக்கு சரியான நேரத்தில் எரிந்தது. போட்டது கடைக்காரர்தான். கூரியர்காரர் தன் குரலில், அவசரப்படாமல் பாடினார். கதாநாயகி திட்டப்படி நிமிரவில்லை; ஆனால் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பேனா தானாக நின்றுவிட்டது. கடைக்குள் யாரும் சிரிக்கவில்லை. கட் சொல்லச் சின்னவள் மறந்துபோனாள்.

மூட்டை கட்டும் நேரத்தில் அவளுக்கு மனது கேட்கவில்லை. கல்லாவுக்குப் போய், "அந்த வரி நான் எழுதினதில்ல. வேற ஒருத்தர் எழுதினது" என்றாள்.

"அப்போ அவர் பேரைப் போட வேண்டியதுதானே?" என்றார் மனைவி.

"அவர் வேண்டாம்பார்" என்றார் கடைக்காரர், மெஷினைத் துணி போட்டு மூடிக்கொண்டே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் துணியை நாலு மூலையும் இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "நான்தான் எழுதினேன். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி, ஒருத்தங்களுக்கு லெட்டரா. அவங்க பதில் போடல" என்றார்.

மனைவி துடைத்துக்கொண்டிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தார். சின்னவளுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"பதிமூணு வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறேன்" என்றார் மனைவி. "எனக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதியிருப்பீங்களா?"

"நீ பக்கத்துலயே இருக்கியே..."

"பக்கத்துல இருந்தா எழுதக்கூடாதா?" சின்னவள் பக்கம் திரும்பினார். "பேரைப் போடும்மா. பெரிசா போடு. கடைப் பேரையும் கீழயே போட்டுடு."

அன்று சாயங்காலம் சின்னவள் அக்காவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அக்கா வழக்கம்போல அந்த வரியை மூக்கால் ஆரம்பித்தாள். சின்னவள் பதிவு செய்த பாட்டை அனுப்பிக் கேட்கச் சொன்னாள். அக்கா வெகுநேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள்.

"ஒரு 'வேண்டாம்'னு கூட எழுதிக் கொடுக்காம விட்டுட்டேன், இல்லடி? இப்போ பேசி ஒரு சாரி சொல்லட்டுமா?"

"வேண்டாம்க்கா. அந்த மனுஷன் வீட்டுல இன்னிக்கு ஏற்கெனவே நிறையப் பேச்சு இருக்கும்."

சீரிஸை லட்சக்கணக்கில் யாரும் பார்த்துவிடவில்லை. ஆனாலும் பார்சல் கொடுக்கப் போன ஒரு வீட்டில் கூரியர்காரரை அடையாளம் கண்டு, வாசலிலேயே நிற்கவைத்து முழுப்பாட்டையும் பாடச் சொன்னார்களாம். நாலு பாகம் வெளிவந்த பிறகு ஒருநாள் கடைக்காரரின் மனைவி சின்னவளுக்குப் போன் செய்தார்.

"நேத்து ஒருவழியா எனக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துட்டார். பாதிப் பக்கம் கடைச் சாவியை எங்க வெச்சிருக்கேன்னு."

"மீதிப் பாதி?"

"மீதி பரவாயில்ல." குரலில் சிரிப்பு இருந்தது.

"ஒரு வரி சொல்லுங்களேன். கடைசிப் பாகத்துக்கு இன்னும் பாட்டே வரல."

"அதெல்லாம் முடியாதும்மா. இது எனக்கு வந்தது" என்று போனை வைத்துவிட்டார்.

உள்ளே ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்து, அந்தப் பாட்டைத் தானே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.