நூற்று நாற்பத்தேழாவது திருத்தம்

திங்கட்கிழமை மதியம், பிராங்க்பர்ட்டிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் போகும் பேருந்து நெடுஞ்சாலையில் நகராமல் நின்றபோது நியோலே டைவாவைப் போனில் கூப்பிட்டாள். டைவா விடிகாலை மூன்று மணிக்குப் பனேவெஜிஸில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவள். விமானம் தாமதம், பெட்டி வரவில்லை, இப்போது இது.

"எங்கடி இருக்க?"

"ரோட்டுல. கண்ணுக்கெட்டுன தூரம் லாரியா நிக்குது."

"அதுல ஒண்ணு நானாக்கூட இருப்பேன். வியாழக்கிழமைதானே ஓட்டு? ஜெயிச்சிருவியா?"

இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நியோலே பத்தொன்பது வருடமாக ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டுகிறாள். டைவா லிதுவேனியாவிலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவள். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று மதியத்துக்குமேல் தண்ணீரே குடிக்காமல் ஓட்டி ஓட்டி, நியோலே சிறுநீரகக் கல்லுக்கு இரண்டு முறை கத்தி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே டைவா கொடுத்த வாக்குதான் நூற்று நாற்பத்தேழாவது திருத்தம். ஐம்பது லாரிகளுக்குமேல் நிற்கும் இடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குளியலறையும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். அந்த ஒற்றை வரியைச் சட்ட வரைவுக்குள் கொண்டுவர இரண்டு வருடம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை சபையில் டைவாவுக்குப் பேச ஒரு நிமிடம். முன்னால் பேசியவர்கள் ஆளாளுக்கு இழுத்ததில் அது முக்கால் நிமிடமாயிற்று. "பத்தொன்பது வருடமாக ஒரு பெண்" என்று அவள் தொடங்கிய இடத்தில் மைக் அணைந்தது. காணொளியில் அதற்குப் பிறகு வாய் மட்டும் அசைகிறது.

புதன்கிழமை யோரிஸ் அவளை ஓரமாக அழைத்தான். கட்சிக் குழுவில் யார் எதற்கு எப்படி வாக்களிப்பது என்று பட்டியல் போடுகிற நெதர்லாந்துக்காரன். "நூத்தி நாப்பத்தேழை விட்டுக் குடுத்துட்டோம். அதுக்குப் பதிலா, டிரைவருங்க ஓய்வு நேரப் பிரிவுல எதிர்க்குழு நம்ம பக்கம் வர்றாங்க."

"கக்கூஸைக் குடுத்து ஓய்வை வாங்குனீங்களா?"

"நீங்க மட்டும் ஆதரிச்சுப் போட்டுக்கங்க. யாரும் கேக்க மாட்டாங்க. ஊர்ல உங்களுக்கு நல்ல பேரு."

சலுகை காட்டுகிறவனின் முகத்தோடு அவன் சொன்னதுதான் தாங்கவில்லை. அன்று மாலைவரை தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்தாள். உறுப்பினர்களோடு எட்டு காப்பி. பட்டியலை மீறி ஆதரிக்க முப்பத்தொரு பேர் சரி என்றார்கள்.

வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தில் முந்நூறு வாக்கெடுப்புகள். தலைவர் எண்ணைச் சொல்வார், விரல்கள் பொத்தானை அழுத்தும், முடிந்தது என்பார், அடுத்தது. யோரிஸின் பட்டியலில் வரிசையாக ஆதரவு, எதிர்ப்பு. நூற்று நாற்பத்தேழை மட்டும் டைவா சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். இடையில் ஒரு திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகத் தலைவர் அறிவித்தார். அவள் காதில் மொழிபெயர்ப்பு வந்து சேர்வதற்குள் ஒரு வரி பின்தங்கிவிட்டாள். நூற்று நாற்பத்தாறு என்று நினைத்து எதிர்ப்பை அழுத்தினாள். திரையில் எழுந்தது நூற்று நாற்பத்தேழு. ஆதரவு 288, எதிர்ப்பு 289.

காப்பி குடித்துவிட்டு ஏமாற்றியவன் யார் என்று முகம் முகமாகத் தேடினாள். பிறகுதான் தன் மேசையில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

"உங்க எண்ணம் ஆதரவுன்னு திருத்தி எழுதிக்கலாம், மேடம்," என்றார் அதிகாரி. "முடிவு மாறாது." எழுதிக் கொடுத்தாள். வாசலில் யோரிஸ் தோளைத் தொட்டு, "குழுவோட நின்னதுக்கு நன்றி," என்றான்.

வெள்ளிக்கிழமை பனேவெஜிஸில் டைவாவின் அலுவலகத்துக்கு நியோலே வந்தாள். இரண்டு தெரு தள்ளியும் நிறுத்த இடம் கிடைக்காமல், பின்பெட்டி கழற்றிய லாரியை வாசலிலேயே விட்டிருந்தாள். கையில் கசகசா ரொட்டி.

"இணையத்துல பாத்தேன். உன் பேருக்கு நேரா ஆதரவுன்னு திருத்தம் போட்டிருக்கு. ஒத்த ஓட்டுல போயிருச்சேடி. எந்தப் பய அவன்?"

ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்றால் போதும். அவள் நம்புவாள். வாக்கைப் பின்னால் திருத்தி எழுதுவதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. டைவா ரொட்டியைச் சுற்றியிருந்த தாளை ஒருமுறை நீவிவிட்டாள்.

"நான்தான்டி," என்றாள். பட்டியல், பின்தங்கிய வரி, சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்டவள் போலத் தன் குரல் தனக்கே எரிச்சலாக இருந்தது.

நியோலே கேட்டாள்: "கண்ணாடி போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"திரும்ப எப்போ வரும்?"

"அஞ்சு வருஷம் ஆகும். வராமலும் போகலாம்."

"அஞ்சு வருஷத்துல எனக்கு அறுபது." நியோலே எழுந்து கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். "அப்பிடியே அவன் எவனோன்னு விட்டிருக்கலாம்ல நீ," என்றாள். கோபமா, அலுப்பா என்று தெரியவில்லை. கதவு மூடியது.

டைவா ஜன்னலுக்குப் போனாள். நியோலே ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை முடுக்கியிருந்தாள். பின்னால் இரண்டு கார்கள் ஒலியெழுப்பின. கிளம்பப்போவதாகச் சொல்லும் இடதுபக்க விளக்கு லாரியில் மினுக்கிக்கொண்டே இருந்தது. வண்டி நகரவில்லை.