ஆறாவது அட்டை

பவுலினுக்கு முன்னால் பதினாலு பேர் நின்றார்கள். ஹெப்பகோடியில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து, இரண்டு பஸ் மாறி, எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தும் பதினாலு பேர். ஜன்னல் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதில் மார்ஃபின் மாத்திரை மட்டும்தான் கொடுப்பார்கள், அதுவும் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான். வெளியில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் அது கிடையாது. போன மாதம் பொம்மசந்திராவிலிருந்து மடிவாளா வரை பன்னிரண்டு கடையில் சீட்டைக் காட்டிப் பார்த்தாள். பாதிப் பேர் சீட்டைக் கையால்கூடத் தொடவில்லை. ஒருவன் மட்டும், "அது போதை மருந்தும்மா. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா போலீஸ் வரும்" என்றான்.

வீட்டில் அவள் புருஷன் மதலைமுத்து படுத்திருந்தான். பதினெட்டு வருஷம் பட்டறையில் கிரைண்டிங் மிஷின் ஓட்டிய ஆள். நுரையீரலில் ஆரம்பித்த புற்று முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. குணமாகாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வலியையாவது அடக்கலாம் என்று இந்த மாத்திரையை எழுதினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மாதத்துக்கு அறுபது, பத்துப் பத்தாக ஆறு அட்டை. அடேயப்பா, முதல் மாத்திரை போட்ட அன்றைக்கு மனுஷன் எழுந்து உட்கார்ந்து, "பவுலினு, மீன் கொழம்பு வெக்கிறியா?" என்று கேட்டான். இரண்டு மாதமாகக் கஞ்சியைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவன். அவள் அடுப்பங்கரையில் போய் அழுதுவிட்டுத்தான் மீன் வாங்கக் கிளம்பினாள். இப்போது வீட்டில் மிச்சம், கடைசி அட்டையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு வைத்த இரண்டே மாத்திரை.

பதினொன்றரைக்கு அவள் முறை வந்தது. ஜன்னலுக்குள் வைத்தீஸ்வரன், மருந்து கொடுக்கிறவர், மூக்கு நுனியில் கண்ணாடியோடு தலையை நிமிர்த்தினார்.

"காலி அட்டை எங்கம்மா? ஆறு குடுத்திருக்கேன்."

பவுலின் பெருமையாகவே பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தாள். அவர் அதைக் கவிழ்த்தார். வெள்ளி நிறத் துண்டுகளாகக் கொட்டியது.

"என்னம்மா இது?"

"அட்டைதான் சார். வெட்டிட்டேன்."

"வெட்டினியா? யாரு வெட்டச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக அவள் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் செய்கிறாள். அட்டையில் ஒரு குழி காலியாக வந்தாலும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதை முழுசாக எறியக் கூடாது, பேட்ச் நம்பருக்குக் குறுக்கே வெட்டித்தான் எறிய வேண்டும். முழு அட்டை வெளியே போனால் எவனாவது போலி மாத்திரையை அடைத்து விற்றுவிடுவான் என்று முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு முந்நூறு அட்டை வெட்டுகிற கை, வீட்டில் ஒவ்வொரு அட்டை தீர்ந்ததும் தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது. அதிலும் இது போதை மருந்து, நாலாக வெட்டினால் இன்னும் பத்திரம் என்று நினைத்தாள். உள்ளதைச் சொன்னால், அவர் மெச்சிக்கொள்வார் என்றுகூட எதிர்பார்த்தாள்.

இதையெல்லாம் அவள் சொல்லி முடிப்பதற்குள் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் துண்டுகளைக் கிளப்பிவிட்டது. வரிசையில் நின்றவர்களின் காலடியிலெல்லாம் பறந்து விழுந்தன. "கால எடுங்கண்ணா, கொஞ்சம் கால எடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே தவழ்ந்து பொறுக்கினாள்.

"இது ஆறா அஞ்சான்னு நான் எப்படிம்மா எழுதறது?" என்றார் வைத்தீஸ்வரன். "மாத்திரைய வெளியில வித்துட்டு அட்டைய நறுக்கிக் கொண்டு வந்தாளான்னு இன்ஸ்பெக்டர் கேட்டா? ஒண்ணுக்குக் கணக்கு இல்லேன்னாலும் உள்ள போறது நான்."

"நான் ஏன் சார் விக்கப்போறேன்? அவரு துடிச்சிப்பூடுவாரு சார்."

"எனக்குப் புரியறது. ரிஜிஸ்டருக்குப் புரியாதே." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு காகிதத்துல ஒட்டிண்டு வா. ஒவ்வொரு அட்டையிலயும் நம்பர் முழுசாத் தெரியணும். வெள்ளிக்கிழமை குடுக்கறேன்."

மறுநாள் லீவு கிடைக்கவில்லை. கம்பெனியில் பக்கத்து மேஜை எல்லம்மா கதையைக் கேட்டுவிட்டுக் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"எங்க சந்துல ஒருத்தன் கஞ்சா விக்கிறான். என்னைக்காச்சும் காலிப் பொட்டலத்தக் கொண்டான்னு கேட்டிருக்கானா? போலீஸ்காரன் வந்தா அவங்கூட டீ குடிச்சிட்டுப் போறான். ஒனக்கு மட்டும் இன்னாடி இந்தக் கெரகம்?"

பவுலின், பெல்ட்டில் ஒரு குழி காலியாக வந்த அட்டையை எடுத்து, நம்பருக்குக் குறுக்கே வெட்டி டிரம்மில் போட்டாள். ஒன்பது நல்ல மாத்திரை அதோடு போனது.

சாயங்காலம் கோந்தும் பழைய காலண்டர் தாளும் எடுத்து உட்கார்ந்தாள். கடைசி மாத்திரை காலையிலேயே தீர்ந்திருந்தது. மதலைமுத்து பாயோடு நகர்ந்து வந்தான்.

"குடு இங்க. நூல் பிசகாம இரும்பத் தேய்ச்ச கை. நீ ஒட்டினா கோணலாப் பூடும்."

துண்டைத் துண்டோடு பொருத்தி எண்ணைப் படித்து ஒட்டினான். வலி வரும்போது நெற்றியைத் தரையில் அழுத்திக்கொண்டு கிடந்தான். அது கொஞ்சம் விட்டதும் அடுத்த துண்டை எடுத்தான். நான் வெட்டிய பாவத்தை இவர் உட்கார்ந்து ஒட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டே பவுலின் துண்டுகளுக்குக் கோந்து தடவிக் கொடுத்தாள். ஐந்து அட்டை முழுசாகச் சேர்ந்தது. ஆறாவதில் ஒரு மூலை இல்லை. நம்பரின் பாதி அதில்தான் இருந்திருக்க வேண்டும். கவரை உதறினாள், பையை உதறினாள், வீட்டை இரண்டு தடவை பெருக்கினாள்.

"ஆஸ்பத்திரிலதான் உழுந்திருக்கும்" என்றான் அவன்.

வியாழக்கிழமை முழுக்க அவன் தோள் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடந்தான்.

வெள்ளிக்கிழமை வைத்தீஸ்வரன் ஒவ்வொரு நம்பரையும் விரல் வைத்துப் படித்தார். ஆறாவதில் விரல் நின்றது.

"இங்கதான் சார் பறந்துச்சு. நீங்களே பாத்தீங்களே."

அவர் எழுந்து நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக்கு அடியிலும் பார்த்தார். "தினம் ரெண்டு வேளை பெருக்கறாம்மா" என்றார். பிறகு ஐந்து அட்டையை எண்ணி வைத்தார். "காலி ஒண்ணுக்குப் புதுசு ஒண்ணு. அதுக்கு மேல எங்கையில இல்ல. அடுத்தது முப்பது நாள் கழிச்சுத்தான். முன்னாடி வந்து நிக்காதே."

வீட்டுக்கு வந்ததும் ஒரு மாத்திரை கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் அவன் முகம் இளகியது. பத்து மாத்திரை குறைகிறது என்று அப்போதுதான் சொன்னாள். அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான்.

"திங்கக்கெழமலேர்ந்து ஒனக்கு இன்னா ஷிப்டு?"

"ஃபர்ஸ்ட் ஷிப்டு. ரெண்டு வாரம் அதான்."

"அந்தக் காலண்டர எடு. பென்சிலும் குடு." திங்கள், செவ்வாய், புதன் என்று சனி வரைக்கும் வட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி மறுபடி நாலு வட்டம். "இந்தப் பத்து நாளும் காலை மாத்திர வேணாம். ராத்திரிது மட்டும் போதும். நீ தூங்கணும்ல."

"அய்யோ, வாய மூடுங்க! நான் வெட்டித் தொலச்சதுக்கு நீங்க கெடந்து சாவணுமா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

அவள் பென்சிலை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுக்கறேன்" என்றான். "அன்னைக்கு நீ வூட்ல இருப்பே."

திங்கட்கிழமை காலை அவனுக்குக் காபி கொடுத்தாள். தண்ணீர்ச் சொம்பையும் துண்டையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். மாத்திரை டப்பா அலமாரியிலேயே இருந்தது. செருப்பை மாட்டும்போது கூப்பிட்டான்.

"ரேடியோவ சத்தமா வெச்சிட்டுப் போ. இன்னும் கொஞ்சம். ஆங், இருக்கட்டும்."

கதவைச் சாத்தி வெளியே வந்தாள். கன்னடப் பாட்டு சந்து முனை வரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு ஜகதாம்பாள் குடத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"காலங்காத்தால இன்னாத்துக்குடி இவ்ளோ சத்தம்?"

"அவருக்குப் பாட்டுன்னா உசுரு, அக்கா" என்று சொல்லிவிட்டு, பவுலின் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள்.