எண்ணி முடிக்கும் வரை

லாண்டரியை மூடப்போகிறேன் என்று சொன்ன முதலாளியை மறுநாள் ஆளையே காணோம். இயந்திரங்களை ஏற்றிப்போக லாரிதான் வந்தது. என் அக்கா வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, "என் மேல ஏத்திட்டுப் போ" என்றாள். டிரைவர் பாவம், பெண்டாட்டியிடம் நிறைய வாங்கியவன் போலிருக்கிறது. மறுபேச்சு பேசாமல் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டான். எங்கள் பதினாறு பெண்களின் கூட்டுறவு லாண்டரி அன்றைக்குப் பிறந்தது.

இனி முதலாளி கிடையாது, எதுவானாலும் கை தூக்கி முடிவு செய்வோம் என்றார்கள். முதல் கூட்டத்திலேயே சிக்கல் வந்தது. எங்களில் ஒரு மாமியாரும் மருமகளும் உண்டு. மருமகள் கை தூக்குமுன் மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியாரோ, மருமகள் தூக்கினால் நான் தூக்குவதாக இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்காக வந்ததுதான் எங்கள் வழக்கம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், சம்மதமென்றால் கை தூக்க வேண்டும். ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணுவாள். அவள் "இறக்குங்க" என்ற பிறகு கையை இறக்கிவிட்டுத்தான் கண்ணைத் திறக்க வேண்டும். யார் எதற்குத் தூக்கினாள் என்று யாருக்கும் தெரியாது, யார் வீட்டிலும் சண்டை வராது. இந்த யோசனை என்னுடையது என்று இன்றைக்கும் நாலு பேர் மார்தட்டிக்கொள்கிறார்கள். எண்ணுகிற வேலைக்கு மட்டும் போட்டியே இல்லை. லாரிக்கு முன்னால் படுத்தவளை விட்டால் வேறு யார்?

பெரிய ஹோட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகள் எங்களிடம் வர ஆரம்பித்த பிறகு எல்லாம் மாறியது. விரிப்பைத் தேய்க்கும் ஸ்டீம் பிரஸ்ஸில் கை உள்ளே போகாதபடி ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. அதனால் வேலை மெதுவாகிறது, கழற்றிவிடலாமா என்று அக்கா கேட்டாள். கண்ணை மூடினோம். எண்ணினாள். முடிவு வந்தது, கம்பி போனது.

பிரஸ்ஸில் நின்றவளைக் கரண்டு என்போம், கை அவ்வளவு வேகம். ஒருநாள் அந்தக் கையையே பிரஸ் பிடித்துக்கொண்டது. அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்தவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கம்பியைத் திரும்ப மாட்டுங்க. மாட்டுற வரைக்கும் பிரஸ்ஸை நிறுத்துங்க. நாளைக்கு இன்னொருத்தி கை போகும்."

"நிறுத்தினா ஹோட்டல்காரன் வேற ஆளைப் பார்த்துப்பான்" என்றாள் அக்கா.

அடுத்த கூட்டத்தில் அக்கா வேறொரு கேள்வி கேட்டாள். வேலை செய்ய முடியாதவளைச் சங்கத்திலிருந்து விலக்கலாமா? நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். இருட்டில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "பத்து. இறக்குங்க."

கரண்டு அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "பத்து பேரா?" என்றாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவுக்கு அவளை விட்டால் நாதியில்லை. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு லாண்டரியில் பேச்சே இல்லை. ஒருத்தி இருமினால்கூட மற்றவள் அதற்கு அர்த்தம் தேடினாள். பிரஸ் மட்டும் கம்பியில்லாமல் நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் சத்தியம் செய்தார்கள், நான் தூக்கவே இல்லை என்று. இத்தனை பொய்க்காரிகளோடா வேலை பார்க்கிறேன் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அக்காவை நினைக்கவே இல்லை. அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டியவள் அவள்.

"கரண்டைத் திரும்பச் சேர்க்கணும். கூட்டத்துல கேளு" என்று அவளிடம் போய் நின்றேன்.

"தாராளமா. கேட்டுட்டாப் போச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்து இயந்திரங்களை நிறுத்தியிருந்தோம். சூடு ஆறும் குழாய்கள் எங்கோ டிக் டிக் என்றன. "கரண்டைச் சேர்க்கச் சம்மதம்னா தூக்குங்க" என்றாள் அக்கா. கண்ணை மூடிக் கையைத் தூக்கினேன். பிறகு, மனசு கேட்காமல், திறந்துவிட்டேன்.

எல்லாக் கைகளும் மேலே இருந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். மாமியார் கை, பக்கத்திலேயே மருமகள் கை. யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை என்று புரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மூணு... நாலு... அஞ்சு" என்றாள் அக்கா. அவள் கைகளைப் பார்க்கவே இல்லை. என் திறந்த கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்தலை. இறக்குங்க."

கைகள் இறங்கின. கண்கள் திறந்தன.

"பொய்!" என்று கத்தினேன். "எல்லார் கையும் மேலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்!"

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பார்த்தியா? கண்ணைத் திறந்தா வச்சிருந்தே?"

"திறந்ததாலதான் தெரிஞ்சுது அத்தை. நீங்களே சொல்லுங்க, கை தூக்கினீங்களா இல்லையா?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னுதானே கண்ணை மூடறோம்?"

"அப்போ இத்தனை நாளும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தியா?" என்றாள் மருமகள். மாமியாருக்கு எதிராக எத்தனை முறை கை தூக்கினாளோ, முகம் வெளிறிப்போயிருந்தது. "வீடு வீடா வந்து வாயைக் கிளறினதும் இதுக்குத்தானா?"

குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவை ஒருத்தியும் பார்க்கவில்லை. தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன், கம்பியைக் கழற்றச் சொன்னதும் நீங்களாக இருக்காது என்று. அது யார் காதிலும் ஏறவில்லை.

அக்கா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். சோறு ஊட்டிய நாளில் பேசிய அதே குரலில் பேசினாள்.

"என் கூடப்பிறந்தவங்கிறதுக்காக விட முடியுமா? சங்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். இவளை விலக்கச் சம்மதம்னா தூக்குங்க. கண்ணை மூடிக்கோங்க."

இறுக்கி மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. மாமியார் கை முதலில் எழுந்தது. பிறகு மருமகள் கை, பிறகு ஒவ்வொன்றாக மற்றதெல்லாம். அக்கா விரலை நீட்டி நிதானமாக எண்ணினாள். இந்த முறை அவள் ஒன்றைக்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.