பியோ சாரின் சாப்பாட்டுப் பெட்டி

"எனக்கு ஓட்டுப் போடாதீங்கடி. நான் ஒண்ணு எழுதிட்டா எழுதினதுதான். அப்புறம் வந்து அழுதீங்கன்னா அழிக்க மாட்டேன்."

வகுப்புத் தலைவி தேர்தலில் ஓக்புன் பேசிய பேச்சு இவ்வளவுதான். அவளாக நிற்கவில்லை, யாரோ பெயரைச் சொல்லி எழுப்பிவிட்டார்கள். அவளுக்கு முன்னால் பேசிய இரண்டு பேரும் உங்களுக்காக உழைப்போம், உருகுவோம் என்று கைகட்டி நின்றிருந்தார்கள். இவள் இப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இவ்வளவு தமாஷாகப் பேசுகிறவளை விட்டுவிடலாமா? அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தாறு பேர் அவளுக்கே போட்டோம். அது தமாஷ் இல்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று.

1974, செப்டம்பர் மாதம். கிம்ஜே என்ற ஊரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கே மற்றப் பதவிகளையும் பங்குபோட்டாயிற்று. படிப்புக்கு ஒருத்தி, விளையாட்டுக்கு ஒருத்தி, பாட்டுக்கும் கூத்துக்கும் ஒருத்தி, சன்னல் ஓரத்துப் பூந்தொட்டிக்கு ஒருத்தி. வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் நான் கடைசி வரிசையில், குளிருக்காக வகுப்பில் வைத்திருந்த கரி அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அதனால் அடுப்பு என் தலையில் விழுந்தது. "பில்நாம், நீ எந்திரிச்சாலே கை எட்டும்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

சாதாரணப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். குளிர்காலம் வந்ததும் ஆட்சி என் கைக்கு வந்தது. காலையில் எல்லாரும் தங்கள் சாப்பாட்டுப் பெட்டியை அடுப்புக்கு மேல் கொண்டுவந்து அடுக்குவார்கள். அடியில் இருப்பது தீயும். உச்சியில் இருப்பது பனிக்கட்டியாகவே இருக்கும். ஆகவே மணிக்கொரு தடவை அடுக்கை மாற்ற வேண்டும். பாடம் நடக்கும்போது எழுந்து நின்று, "சார், அடுக்கு மாத்தட்டுமா?" என்று கேட்கும் உரிமை பள்ளிக்கூடத்திலேயே என்னைப் போன்ற சிலருக்குத்தான் இருந்தது. கணக்கில் விடை தெரியாமல் நான் நிற்கிற சமயங்களில் அடுக்கு அடிக்கடி மாறும்.

அந்த வருஷம் நாட்டில் அரிசி போதவில்லை. அரிசியில் நூற்றுக்கு முப்பது பங்காவது பார்லியோ பயறோ கலந்துதான் சமைக்க வேண்டும் என்று உத்தரவு. மாணவிகளின் பெட்டியைத் திறந்து பார்த்து, வெறும் வெள்ளைச் சோறாக இருந்தால் பெயர் எழுத வேண்டியது வகுப்புத் தலைவியின் வேலை. பெயர் எழுதப்பட்டவள் ஒரு வாரம் தினமும் காலையில் பின்கட்டுக் கொட்டகையிலிருந்து அடுப்புக்கு நிலக்கரி சுமந்து வர வேண்டும்.

எனக்கு இதில் பயமே இல்லை. நாங்கள் ஐந்து பெண்கள், வீட்டில் எப்போதும் பார்லிதான். என் பெட்டியில் அரிசியைத்தான் தேட வேண்டும். அவதிப்பட்டவள் கும்னே. அவள் அப்பாவுக்கு அரிசி ஆலை. அவர் வீட்டில் பார்லியைக் கண்டால் கோழிக்குப் போடச் சொல்வாராம்.

"பில்நாம், இருபது பார்லி மணி குடுடி, கண்ணு" என்று தினமும் என்னிடம் வந்து நிற்பாள்.

"நேத்து வாங்கினதைத் தின்னுட்டியே."

"அதுக்குத்தான் முட்டை பாதி தர்றேன்ல."

நான் பார்லி மணிகளைப் பொறுக்கிக் கொடுப்பேன். அவள் அவற்றைச் சோற்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்திவிடுவாள். மேலாகப் பார்த்தால் நல்ல குடியானவன் வீட்டுச் சோறு மாதிரி இருக்கும். மற்ற வகுப்புத் தலைவிகள் மேலாகத்தான் பார்ப்பார்கள். ஓக்புன் சாப்பாட்டுக் குச்சியை அடிவரைக்கும் விட்டுக் கிளறிப் பார்ப்பாள்.

"மேல மழை பெஞ்சிருக்கு, கீழ காஞ்சு கெடக்கு" என்று சொல்லி நோட்டை எடுப்பாள். கும்னே அழுதாள், கெஞ்சினாள், ஓக்புன்னின் பென்சிலை ஒளித்துக்கூட வைத்தாள். ஓக்புன் பேனாவால் எழுதிவிட்டாள். டிசம்பர் வருவதற்குள் கும்னே மூன்று வாரம் கரி சுமந்திருந்தாள். ஓக்புன்னோடு சேர்ந்து நடக்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. அவள் அதைக் கண்டுகொண்ட மாதிரித் தெரியவில்லை. ஆனால் மணி அடித்ததும் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு தனியாகப் போகும்போது, முன்பைவிட வேகமாக நடப்பாள்.

எங்கள் வகுப்பாசிரியர் பியோ சார். கணக்கு வாத்தியார். முப்பது வயசு. அந்த அக்டோபரில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆசிரியர் அறை அடுப்பில் துணைத் தலைமையாசிரியரின் கெட்டில் எந்நேரமும் குந்தியிருக்கும். அதனால் தினமும் காலையில் யாரும் பார்க்காத சமயம் தன் பெட்டியை என்னிடம் நீட்டி, "நடு அடுக்குல வைம்மா" என்று மெதுவாகச் சொல்வார். மணி அடித்ததும் அதை நான் ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். அதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அடுப்புக்காரிக்கும் ஒரு தர்மம் உண்டல்லவா.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, எல்லாப் பெட்டிகளையும் சாப்பாட்டு மணிக்கு முன்பே திறந்து பார்த்துக் கணக்கு அனுப்பும்படி அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. மூன்றாம் பாடம் முடிந்த பத்து நிமிஷ இடைவேளையில் ஓக்புன் பெட்டிகளை மேசையில் பரப்பி எண்ணினாள். அன்றைக்கு இரண்டு பேர் லீவு. அறுபது பேர் இருந்தோம். பெட்டி அறுபத்தொன்று.

அறுபத்தொன்றாவது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓக்புன் ஒவ்வொன்றாகத் திறந்து, சொந்தக்காரியிடம் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒன்று மிஞ்சியது. மூடியைத் திறந்தாள். சுற்றி நின்றவர்கள் "ஐயோ!" என்று கூவினார்கள். பளீரென்று வெள்ளைச் சோறு. அதன் நடுவில் கறுப்பு மொச்சையை வரிசையாகப் பதித்து ஒரு இதயம் வரைந்திருந்தது.

"எவடி இவ? எவனோ காதலன் சமைச்சுக் குடுத்திருக்கான்!"

"சமைக்கத் தெரிஞ்ச காதலனா? எங்கடி கெடைக்கிறான்?"

"யாருதுன்னு சொல்லுங்க" என்றாள் ஓக்புன். நான் அடுப்புக்குள் இருந்த கரியை மும்முரமாகக் கிளறினேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. நான்காம் பாடம் கணக்கு. பியோ சார் உள்ளே வந்தார், மேசையைப் பார்த்தார், வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் காது இரண்டும் மிளகாய் ஊறிய கிம்ச்சி நிறத்துக்கு வந்தன.

"சார், இந்தப் பெட்டி யாருதுன்னு எவளும் ஒத்துக்க மாட்டேங்கறா" என்றாள் ஓக்புன்.

அவர் நினைத்திருந்தால் பெட்டியை வாங்கி, "நான் விசாரிக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சாக்பீஸை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்:

"அது என்னுதும்மா."

வகுப்பில் கிளம்பிய கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ஓக்புன் மட்டும் சிரிக்கவில்லை. கும்னே எழுந்து நின்றாள். அவள் குரலில் மூன்று வாரக் கரி இருந்தது.

"தலைவியம்மா, நோட்டை எடுங்க. சட்டம் எனக்கு மட்டுந்தானா?"

ஓக்புன் நோட்டைத் திறந்தாள். பேனா மூடியைத் திறந்தாள், திரும்ப மூடினாள். ஆசிரியர் பெயரை எழுதினால் என்ன ஆகுமோ என்று பயம். எழுதாவிட்டால் இனிமேல் இந்த வகுப்பில் அவள் பேச்சு எடுபடாது.

"மொச்சையும் கலப்புத்தானே?" என்று யாரோ சாருக்காகப் பரிந்து பேசினார்கள். "உத்தரவுல பயறும் சேர்த்தின்னு இருக்கு!"

"அப்ப அளந்து பாப்போம்" என்றாள் ஓக்புன். "சார், நூத்துக்கு எவ்வளவுன்னு நீங்களே போட்டுச் சொல்லுங்க."

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் நின்றுபோயிற்று. ஓக்புன் கரண்டியால் சோற்றை அளந்து மூடிக்கு மாற்றினாள். வகுப்பே சேர்ந்து எண்ணியது. சோறு இருபத்திரண்டு கரண்டி. மொச்சை நாற்பத்தொன்று, அதாவது மூன்றரைக் கரண்டி. பியோ சார் கரும்பலகையில் எழுதினார், வகுத்தார், ஒரு தடவை சரிபார்த்தார். அவருக்குக் கணக்கில் பொய் சொல்ல வராது.

"பதிமூணு புள்ளி ஏழு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பத்தலம்மா. எழுதிக்கோ."

ஓக்புன் எழுதினாள். எழுதி முடித்ததும் எழுந்து நின்று அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். "நாளைக்குக் காலையில ஏழரைக்கு சார். வாளி கொட்டகை வாசல்லயே இருக்கும்."

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தின் எல்லாச் சன்னல்களிலும் தலைகள். பியோ சார் கோட்டும் டையுமாக, வாளி நிறைய நிலக்கரியோடு பனியில் வழுக்கி வழுக்கி வந்தார். பாதித் தூரத்தில் கும்னே ஓடிப்போய் மறித்தாள். நையாண்டி செய்யப்போகிறாள் என்று நினைத்தோம்.

"சார், கையை மாத்துங்க. எடது கையில புடிச்சு உடம்பைச் சாய்ச்சு நடந்தா முழங்கால்ல இடிக்காது. மூணு வாரம் சுமந்தவ சொல்றேன், கேளுங்க."

அவர் கேட்டார். உண்மையிலேயே இடிக்கவில்லை.

புதன்கிழமை தலைமையாசிரியரே எதிரில் வந்துவிட்டார். "பியோ, இது என்ன கோலம்?"

"வகுப்புத் தலைவி உத்தரவு சார். சாப்பாட்டுல கலப்புப் பத்தல."

தலைமையாசிரியர் திரும்பி விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். அன்றைக்கு மத்தியானம் அவர் தன் பெட்டியைத் திறக்கவே இல்லை, எதிர்க்கடையில் போய் நூடுல்ஸ் சாப்பிட்டார் என்று காவல்காரர் எங்களிடம் சொன்னார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஒரு இளம்பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் நீலத் துண்டு, கையில் கரி படிந்த ஒரு சட்டை.

"வழுக்கி விழுந்தேன்னு தெனமும் சொல்றாரு. ஒரே எடத்துலயா தெனமும் விழுவாரு? பக்கத்து வீட்டுப் பொண்ணு இங்கதான் படிக்குது, அது சொல்லிட்டுது. என் மொச்சையை எண்ணின பொண்ணு யாரு?"

சாரின் மனைவி! வகுப்பே ஓக்புன்னைப் பார்த்தது. அவள் எழுந்தாள்.

"நான்தான் அக்கா."

"நாப்பத்தொண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நல்லவேளை. வழியில ஒண்ணும் கொட்டல" என்று அந்த அக்கா பெருமூச்சு விட்டாள். "இன்னும் எத்தனை வச்சிருந்தா தப்பிச்சிருப்பாரு?"

"எழுபது" என்றாள் ஓக்புன், யோசிக்காமலே. அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள் என்று தெரிந்தது.

"எழுபதா! அப்புறம் அது இதயமா இருக்காதேம்மா, பூசணிக்காயா ஆயிடும்!"

அப்போதுதான் ஓக்புன் சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, விக்கலெடுத்துச் சிரித்தாள். இப்படி ஒரு சிரிப்பை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. கும்னேதான் அவள் முதுகைத் தட்டிவிட்டாள்.

சிரித்து முடித்து மூக்கைத் துடைத்தபிறகு ஓக்புன் சொன்னாள்: "கும்னே, உங்க ஆலையில அரிசி கழுவற பெரிய பேசின் இருக்கில்ல? நாளைக்குக் கொண்டாறியா?"

"எதுக்குடி?"

"எல்லாச் சோத்தையும் ஒண்ணாக் கொட்டிடலாம். பில்நாம் வீட்டு பார்லியும் உங்க வீட்டு அரிசியும் கலந்துட்டா, எந்தச் சோறு யாருதுன்னு எப்படி எழுதறது?"

வெள்ளிக்கிழமை கும்னேயும் அவள் அண்ணனும் அந்தப் பேசினை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். சாப்பாட்டு மணி அடித்ததும் அறுபத்திரண்டு பெட்டிகளும் அதில் கவிழ்ந்தன. பிறகு சாரின் பெட்டியும் கவிழ்ந்தது. அன்றைக்கு அதில் மொச்சை ஒரு பூவாக மலர்ந்திருந்தது. கிம்ச்சி, முள்ளங்கி, வறுத்த நெத்திலி, கீரை என்று கொண்டுவந்ததெல்லாம் உள்ளே போயிற்று. சாரின் மனைவி கொடுத்தனுப்பியிருந்த மிளகாய் விழுதையும் நல்லெண்ணெயையும் ஊற்றி, நானும் விளையாட்டுத் தலைவியும் சோற்றுக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிளறினோம். சன்னலெல்லாம் ஆவி படிந்துபோயிற்று.

ஓக்புன் கிளறிய சோற்றில் ஒரு கரண்டி எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மணிகளை எண்ணினாள். நாங்கள் அறுபத்தொரு பேரும் கையில் கரண்டியோடு காத்திருந்தோம்.

"நூத்துக்கு முப்பத்தி நாலு" என்று அறிவித்தாள்.

அலுவலகச் சீட்டில் 'குறைந்தவர்கள்' என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கும்னேக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பியோ சார் எங்களுக்கு நடுவில் முழங்கால் இடிபட உட்கார்ந்து, மூக்கில் வியர்வையோடு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"அப்ப நாளைக்கு வாளி தூக்க வேண்டாமில்ல?" என்று நைசாகக் கேட்டார்.

"சனிக்கிழமையும் வாரத்துல சேர்த்திதான் சார்" என்றாள் ஓக்புன், வாய் நிறையச் சோற்றோடு.