கோணல் ஓட்டை பெல்ட்

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பெல்ட்டைப் பார்த்ததும் ஆணியம்மாவுக்குச் சூடு உச்சந்தலைக்கு ஏறியது. அந்த நேரம் அவள் தலையில் ஒரு குடம் தண்ணீரை வைத்திருந்தால் கொதித்து வழிந்து, மண்டபத்தில் இருந்த அத்தனை போலீஸ்காரர்களும் குளித்திருக்கலாம். பழுப்புத் தோல். பித்தளைப் பூட்டு. துறை போட்டுக் கொடுத்த ஓட்டைகள் முடிந்த இடத்திலிருந்து, கோணல்மாணலாக இன்னும் சில. ஆம்பளை அளவுப் பெல்ட் இடுப்பில் நிற்காததால், லாக்கப் பூட்டைச் சுத்தியலாக வைத்து அவளே ஆணியடித்துப் போட்ட ஓட்டைகள். அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் இன்றுவரை உதிரவில்லை. ரிட்டயர் ஆன அன்று, அரசாங்கச் சொத்து என்று பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அதன் கீழே ஒரு அட்டை: ‘பேண்டு குழுவில் இருந்த சிறுவனின் இடைவார்.’

“தம்பி, இதை எழுதின மகராசன் யாரு?”

கண்காட்சிக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் சிரித்தபடி வந்தார். “நான்தாம்மா. ஓட்டை எதுவரைக்கும் போகுதுன்னு பாருங்க, வளர்ந்த ஆம்பளைக்கு இடுப்பு இவ்வளவு சின்னதா இருக்குமா?”

“பொம்பளைக்கு இடுப்பு கிடையாதா?”

“அந்தக் காலத்துல பெண் போலீஸே இல்லையேம்மா. அதோ, போர்டுல இருக்கு.”

சுவரை அடைத்து நகரப் போலீஸின் நூறு வருட வரலாறு மரமாக வரையப்பட்டிருந்தது. உச்சாணியில் கமிஷனர். குதிரைப்படைக்கு ஒரு கிளை. மோப்ப நாய்களுக்குக்கூட ஒரு கிளை, அதில் நாய்களின் படம் வேறு. மகளிர் பிரிவு ஓரமாக ஒரு குச்சி. அந்த மரத்தின்படி, யாரோ ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த நாளில்தான் அது துளிர்த்திருந்தது. ஆணியம்மாவும் மற்ற ஐந்து பெண்களும் காக்கி மாட்டியது அதற்கு ரொம்ப முன்னால். பெண்ணுக்கென்று பதவி இல்லாத காலம். பதவி இல்லாமல் சம்பளம் போட முடியாதே என்று அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஆறு பேரையும் சலவைப் பிரிவு ஆட்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தியும் ஒரு சட்டையைக்கூட நனைத்ததில்லை. லாக்கப்பில் பெண் கைதிகளுக்குக் காவல் நின்றார்கள், கலவரத்தில் லத்தி பிடித்தார்கள், ஆம்பளைச் சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக ரோந்து போனார்கள். ஐந்து பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த அட்டையும் நிலைத்துவிட்டால் ஆறு பேருமே பிறக்கவில்லை என்று அர்த்தம்.

எதிர்ச்சுவரில் அவள் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேண்டு டிரம்காரர், தன் படத்துக்கு முன்னால் நின்று வருவோர் போவோரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். படத்தில் தெரிந்தது ஒரு பெரிய டிரம்மும் மேலே ஒரு தொப்பியும்தான். “நடுவுல நான் இருக்கேன் சார்.” விழாவில் அவருக்கு முதல் வரிசை நாற்காலி. வாழ்நாள் முழுக்க, யார் கேட்டாலும் “வீட்டுல சலவைப் பிரிவு” என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்ட மனுஷன். ‘எதுக்கு வம்பு’ என்பதுதான் அவர் தாளத்தின் முதல் அடி.

போலீஸ் தலைமையகத்தில் எவன் திருடப்போகிறான் என்று பெட்டிக்குப் பூட்டே போடவில்லை. ஆணியம்மா கண்ணாடியைத் தூக்கினாள், பெல்ட்டை எடுத்தாள், மூச்சை உள்ளே இழுத்துக் கட்டினாள். நுனியோரத்துக் கடைசி ஓட்டையில்தான் முள் ஏறியது.

“அம்மா, அரசாங்கச் சொத்து. கழட்டிருங்க.”

“மாட்டேன். திருட்டுக் கேஸ் போடு. யாரோட பெல்ட்டுன்னு அதுல எழுதணும்ல? பேண்டுப் பையன்னு எழுதினா கோர்ட்டுல வந்து கேப்பேன். ஆணியோடதுன்னு எழுதினா உன் மரத்தை நீயே வெட்டணும்.”

இன்ஸ்பெக்டர் வடக்கு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். நகரத்தை இரண்டாகப் பிரித்தபோது எல்லைக்கோடு இந்த மண்டபத்துக்கு நடுவாகத்தான் போயிருந்தது. பெட்டி தெற்கில் இருக்கிறது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது வடக்கு. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்பது வடக்கில் என்றது தெற்கு. வியர்த்துப்போன இன்ஸ்பெக்டர் டிரம்காரரைப் பிடித்தார்.

“ஐயா, நீங்க பேண்டுல இருந்தவரு. இது பேண்டுப் பையன் பெல்ட்டுதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. முடிஞ்சுது.”

டிரம்காரர் முதல் வரிசை நாற்காலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம்.

“பேண்டு பெல்ட்டு வெள்ளை சார்,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “இது எனக்குத் தெரிஞ்ச இடுப்பு. போலீஸ்காரி இடுப்பு.”

“இதைச் சொல்ல இத்தனை வருஷமா உங்களுக்கு?” அவள் குரல் இறங்கவில்லை. முதல் வரிசை நாற்காலியை அவளே இழுத்துவந்து, எல்லைக்கோடு ஓடும் இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

வடக்கு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது, தெற்கு வாசலில் ஒன்று. இரண்டு எஸ்.ஐ.களும் படியேறி, மற்றவன் முதலில் உள்ளே கால் வைக்கட்டும், கேஸ் அவன் தலையில் விழட்டும் என்று நின்றார்கள். டிரம்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பெல்ட் தெறித்துவிடும்போல் இழுபட்டிருந்தது. அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தக் கோணல் ஓட்டைகள் வாய் பிளந்தன. உள்ளிருந்து சேலையின் சிவப்பு எட்டிப் பார்த்தது.