தரையிலேயே ஓடிய மீட்டர்

எங்கள் நாட்டில் குட்டி விமானத்தை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கும் காசுக்கு, பக்கத்து நாட்டில் விமானத்தை விமானியோடு தத்தெடுத்துக்கொள்ளலாம். பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவன் நான். கட்டண விஷயத்தில் பாதிதான் மிகைப்படுத்துவேன்.

என் தங்கை மகளை வீட்டில் குருவி என்போம். பக்கத்து நாட்டில் மலிவாக விமானம் ஓட்டப் படித்து வந்தவள். அன்று சாயங்காலத்துக்குள் ஒருமுறை பறந்து இறங்காவிட்டால் உரிமம் காலாவதி. எல்லாப் பரீட்சையும் முதலிலிருந்து. அதற்கு விற்க வீட்டில் என்னைத் தவிர எதுவும் மிச்சமில்லை. என்னை வாங்குவாரும் இல்லை.

பெரிய விமான நிலையத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பறக்கும் கிளப். மேலாளரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சார் இந்த விலை?"

"அங்க ஊருக்கு ஊர் புல்தரை, தெருவுக்குத் தெரு விமானம். இங்க இருக்கிறதே ரெண்டு, அதுல ஒண்ணு சாமான் வராம படுத்திருக்கு. பெட்ரோல் பீப்பாயில கப்பலேறி வருது. விமானத்தைப் பரிசோதிச்சுக் கையெழுத்துப் போடுறவரு வெளிநாட்டுலேர்ந்து வர்றாரு, அவர் ஓட்டல் செலவும் நம்ம தலையில."

"அவர் தலைக்கு எண்ணெய்?"

"அதுவும் வாடகையிலதான் சார்."

பின்சீட்டில் என்னைத் திணித்தார்கள். முழங்கால் காதோடு ரகசியம் பேசியது. குருவி முன்னால் உட்கார்ந்தாள், பழக்கத்தில் கை சாவிக்கு நீண்டது, இன்ஜின் உறுமியது.

அங்கேதான் பிசகு. அவள் படித்த இடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இல்லை, அனுமதியும் இல்லை. இன்ஜினைக் கிளப்பி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். இங்கே அனுமதி வாங்கிவிட்டுத்தான் இன்ஜினைத் தொட வேண்டும். வாடகை மீட்டரோ இன்ஜின் கிளம்பியதும் ஓட ஆரம்பித்துவிடும்.

"காத்திருங்கள்" என்றது வானொலி.

"ஆஃப் பண்ணிடும்மா."

"ஆஃப் பண்ணா வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்க மாமா. இதோ, இறங்குற இந்த ஒண்ணுதான்."

சினிமாக் கொட்டகை அகல வாலோடு பெரிய விமானம் ஒன்று இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. உலக ஜனத்தொகை முழுவதும் அன்றைக்கே எங்கள் ஓடுதளத்தில் இறங்குவதாக முடிவு செய்திருந்தது. மீட்டரில் எண்கள் புரண்டன.

"விடும்மா. பஸ்ல நின்னுக்கிட்டு வந்தாலும் டிக்கெட் உண்டு."

"பஸ் நகரும் மாமா."

வழி கிடைத்து ஓடுதள ஓரம் போனபோது, நாங்கள் கட்டிய பணத்தில் ஒரு சுற்றுக்கும் மிச்சமில்லை. வானொலியில் கிளப்பைக் கேட்டாள்.

"மேற்கொண்டு கட்டினா போகலாம்மா. எனக்கும் மேல ஆளிருக்காங்க" என்றார் மேலாளர்.

குருவி திரும்பி என்னைப் பார்த்தாள். சட்டைப்பையில் கையை விட்டேன். இரண்டு பேருக்குப் பஸ் காசு இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வானொலியில் ஏதோ சொன்னாள். கொட்டகைக்கே ஓட்டி வந்து இன்ஜினை நிறுத்தினாள். விசிறி தள்ளாடி நின்றது. ஓடுதளத்தில் அப்போது ஒரு விமானம்கூட இல்லை.

நாங்கள் கீழே இறங்குவதற்குள் தங்கை போனில் வந்துவிட்டாள்.

"அண்ணே, மேலேர்ந்து நம்ம வீடு தெரிஞ்சுதா? மாடியில நின்னு கை ஆட்டிக்கிட்டே இருந்தேன்!"

மேகத்தில் தலை இடித்துக்கொண்டது வரை என்னால் அவளுக்குச் சொல்லியிருக்க முடியும். வாயைத் திறந்தேன். குருவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"கிளம்பவே இல்லம்மா. வெயில்ல நிக்காத, கீழ எறங்கு."