ரேமைக் கழற்றியது யார்

வேலைத் தேர்வுக்கான ஃபைலை அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில்தான் ரஞ்சிதாவின் கம்ப்யூட்டர் முழுசாகப் படுத்துக்கொண்டது. ஒரு வாரமாகவே அது சரியில்லை. வேர்டைத் திறந்தால் ஆடியோ நின்றுவிடும்; ஆடியோவை ஓட்டினால் எழுத்து நகராது. அன்றைக்குத் திரையின் மூலையில் விர்ச்சுவல் மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி முளைத்தது. அதை மூடினால் இன்னொன்று. மவுசை அசைத்தால் அம்புக்குறி எங்கோ போய் நின்று யோசித்தது.

ரஞ்சிதா ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காவேரிப்பட்டணத்துப் பெண். கணவன் மாதவன், விருதுநகர்ப் பக்கத்துக்காரன். சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். அவனுக்குத் தெரியாமல் அவள் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் வேலைக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் விண்ணப்பித்திருந்தாள். முன்பு ஒருமுறை கணினி டிப்ளமோ சேர்ந்து பாதியில் விட்டதை மாதவன் சொந்தக்காரர்கள் நடுவில் கேலி பேசியிருந்தான். இந்த முறை வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவன் வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மூடிவிடுவாள்.

டிப்ளமோவைப் பாதியில் விட்டாலும் படித்த பாதி மறக்கவில்லை. தேவையில்லாத புரோகிராம்களை நீக்கினாள். வைரஸ் ஸ்கேன் ஓட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரேம் 256 எம்.பி. இருக்க வேண்டிய இடத்தில் 128 என்றிருந்தது. பாதி மெமரியைக் காணோம்.

உடனே அவளுக்கு மெஹபூப் பாஷாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ராயக்கோட்டை சாலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். போன மாதம் வீட்டுக்கு வந்து தூசி தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் டீ போட உள்ளே போன நேரம் போதாதா? இரண்டு மெமரியில் ஒன்றை உருவிப் பையில் போட எவ்வளவு நேரமாகும்? அன்றைக்கு அவர் டீயைக் கூடப் பாதி குடித்துவிட்டு அவசரமாகக் கிளம்பியது இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

சிபியுவைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். அங்கே உத்தனப்பள்ளியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் கரியப்பன், தன் கடைக் கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுப்பதற்காக உட்கார்ந்திருந்தார்.

"பாய், இதுல ரெண்டு ரேம் இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு. நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் வேற யாரும் தொடலீங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிசாக வந்தது.

பாஷா சிபியுவைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மூடியின் இணைப்பில் அவர் ஒட்டிய கடை ஸ்டிக்கர் நடுவில் நேராக வெட்டுப்பட்டிருந்தது.

"ஏம்மா, எடுக்கறவன் ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடியே எடுத்திருப்பனே. ஒட்டிட்டு எதுக்கு வெட்டப் போறேன்?"

"ஆட்டோவுல வரும்போது கிழிஞ்சிருக்கும்."

"கிழிஞ்சதுக்கும் வெட்டினதுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

அதற்குள் கரியப்பன் எழுந்துவிட்டார். "எனக்கு வேற ஒரு வேலை இருக்கு பாய், அப்புறம் கொண்டாறேன்" என்று தன் மிஷினை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாஷா அவர் போவதையே பார்த்தார். பிறகு ரஞ்சிதாவின் சிபியுவை அவள் பக்கம் தள்ளி, "நீங்க வேற கடை பாத்துக்கங்கம்மா" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெட்டைத் தடவிப் பார்த்தாள். கோணல் இல்லாத வெட்டு. பழகிய கை. வயர் சீவுகிறவனின் கை. வீட்டுச் சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது.

மாலையில் மாதவன் ஷிப்ட் முடிந்து வந்தான். காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாய் நம்ம ரேமைத் திருடிட்டாருங்க. ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுத்துரலாமா?"

சிலிண்டர் ஒருநாள் தாமதமாக வந்ததற்கு ஏஜென்சி வாசலில் போய்ச் சட்டையைப் பிடித்த மனிதன் அவன். இப்போது டம்ளரையே பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் எதுக்கு? பழைய மிஷின்தானே, விடு" என்றான்.

"நீங்கதான் கழட்டினீங்களா?"

அவன் நிமிரவில்லை. வெளியே பக்கத்து வீட்டு நஞ்சம்மா கன்னடத்தில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஹெட்போனை மாட்டிக்கிட்டு யாருகூடப் பேசுற நீ?"

"என்னது?"

"வண்டியைத் தெருமுனையில நிறுத்திட்டு வந்து ஜன்னல் வழியா பாத்தேன். கேக்குற, சிரிக்கிற, டைப் அடிக்கிற. நான் உள்ள வந்தா மூடிடுற. நான் என்னன்னு நினைக்கட்டும்? மிஷின் ஓடலைன்னா எல்லாம் நின்னுரும்னு நெனச்சேன்."

ரஞ்சிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவன் பையை இழுத்துக் கவிழ்த்தாள். டெஸ்டருக்கும் டேப்புக்கும் நடுவில், பழைய துணியில் சுற்றி, அந்த ரேம் கிடந்தது. அதை அவளே ஸ்லாட்டில் அழுத்தி மாட்டினாள். மிஷின் எழுந்ததும் ஹெட்போனை அவன் தலையில் மாட்டி ஒரு ஆடியோ ஃபைலை ஓட்டினாள். எவனோ ஒரு அமெரிக்க டாக்டர், எதையோ கறுமுறுவென்று மென்றுகொண்டே, ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனான்.

"இவருகூடத்தான் பேசறேன். தின்னுக்கிட்டே சொல்றாரு, அதான் சிரிப்பு வந்துச்சு. வேலைக்கான டெஸ்டுங்க. இன்னிக்கு மத்தியானத்தோட டைம் முடிஞ்சுது. போச்சு."

ஒரு வார்த்தையும் புரியாமல் மாதவன் அதைக் கடைசிவரை கேட்டான். ஹெட்போனைக் கழற்றிய பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொன்னா சிரிச்சிருப்பீங்க."

அவன் ஹெட்போன் வயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தான்.

மறுநாள் இருவரும் பாஷாவின் கடைக்குப் போனார்கள். கடையில் வேறு யாரும் இல்லை. ரஞ்சிதா தப்பு தன்னுடையது என்றாள். மாதவன் கழற்றியது தான் என்றான். பாஷா சால்டரிங் வைத்துக்கொண்டிருந்த போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, நான் எடுக்கலைன்னு. உத்தனப்பள்ளில இருக்கறவருக்குத் தெரியுமா?"

அப்படியே வண்டியைத் திருப்பி உத்தனப்பள்ளிக்கு ஓட்டினான் மாதவன். ஜெராக்ஸ் கடையில் ஜாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் நகல் எடுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று மாதவன் ஒதுங்கி நின்றான். ரஞ்சிதா நிற்கவில்லை.

"அண்ணா, நேத்து பாய் கடையில நான் சொன்னது பொய்ங்க. அவரு எதையும் எடுக்கல. எங்க வீட்டுக்காரருதான் எடுத்து வெச்சிருந்தாரு."

நகல் வாங்க நின்றவர்கள் எல்லாரும் மாதவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. "ஆமாங்க, நான்தான்" என்றான்.

கரியப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டு மிஷினை நீங்களே எதுக்குய்யா திருடணும்?" என்று கேட்டார். மாதவன் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினான். "சரி, என் மிஷினைத் திங்கக்கெழமை பாய்கிட்டயே குடுத்துடறேன்" என்றார் அவர்.

கிளம்பும்முன் பக்கத்துப் பூத்திலிருந்து பெங்களூர்க் கம்பெனிக்குப் போன் செய்ததில், அடுத்த பேட்ச்சுக்கு டெஸ்டை மறுபடி எழுதலாம் என்றாள் அங்கிருந்த பெண். ரஞ்சிதா அதை வண்டியின் பின்னால் உட்கார்ந்து, தக்காளி லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொன்னாள்.

மாதவன் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு, "இன்னும் வேற எதாச்சும் எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கியா?" என்றான்.

"நீங்க?"

அவன் வேகத்தைக் குறைத்தான். லாரி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றான்.